இரண்டாம் பிரயாணம்

1932-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஸ்பெயின் தேசத்தின் நடுப்பாகத்திலே கிரேதோஸ் என்னும் மலைத்தொடரின் வடசாரலை ஒட்டியுள்ள எல் பார்கோ தெ ஆவிலா என்ற சிற்றூருக்கு, மாட்ரிட் மாநகரத்திலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. பீன்ஸ் விதைக்குப் பேர்போன ஊர் அது. மூட்டை ஏற்றிக்கொண்டு போகத்தான் வண்டி வந்திருக்கிறது என்று ஊரார் எண்ணியிருந்தால் அதில் வியப்பதற்கொன்றுமில்லை. ஆனால் அந்த லாரி எதையும் ஏற்றிச்செல்ல வரவில்லை, இறக்க வந்திருந்தது. வெலாஸ்கெஸ், எல் கிரேக்கோ, கோயா, முரில்யோ முதலிய மகா சித்திரக்காரர்களின் படைப்புக்களிலிருந்து தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் மாட்ரிடிலுள்ள பிராதோ சித்திரசாலையில் மூலத்தின் எதிரே உட்கார்ந்து பிரதி செய்யப்பெற்ற பதினான்கு சித்திரங்கள் அதில் இருந்தன. கூடவே வந்த இளைஞர்கள் காசு கேட்கவில்லை, மதம் போதிக்கவில்லை, வோட்டும் கேட்கவில்லை. படங்களைச் சுவரில் மாட்டிவிட்டு, ஊர் ஜனங்களை உள்ளே வந்து பார்க்கும்படி அழைத்தார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய காரியம்.

கலைஞன் ஒருவன் பட்டணத்தை விட்டு மலையேறிச் சென்று, எட்டாத ஊர்களில் வாழும் ஏழை மக்களுக்குத் தன் கலையால் தொண்டு செய்தான் என்ற செய்தி இந்நாட்களில் அடிக்கடி நம் கண்ணில் படுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே உண்டாவதுண்டு. ஒன்று, இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்ற மகிழ்ச்சி. மற்றொன்று, அடுத்த வருஷமும் அவன் அங்கே போவானா என்ற சந்தேகம். இந்தச் சந்தேகத்தைக் குறுகிய மனத்தின் குற்றமென்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆயினும் இத்தகைய தொண்டை அளந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த அளவுகோலை எனக்குக் கற்றுக்கொடுத்தது, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு ஸ்பெயின் நாட்டு மலைகளில் நடந்த இந்த முயற்சியேயாகும். ஆகையால் அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி ஸ்பெயினில் முடியாட்சி நீங்கிக் குடியரசு ஏற்பட்டது. புதிய சர்க்காருக்கு முன்னே மலைபோல் வேலை குவிந்து கிடந்தது. மூவரில் ஒருவருக்கு எழுத்து வாசனை கிடையாது. நிலமெல்லாம் சிலர் கையில். ராணுவமோ எந்த நிமிஷத்தில் என்ன செய்யுமென்று சொல்ல முடியாத நிலை. இவ்வளவுக்கும் இடையில், குடியரசு பிறந்து ஆறு வாரங்கள் கழிந்த மே 29-ஆம் தேதியன்று, கிராமங்களுக்குக் கல்வி மிஷன்களை அனுப்புவதற்கென்று ஒரு சபையை நியமித்து ஆணை பிறந்தது. ‘மிஷன்’ என்றவுடன் நம்மவர் காதில் பாதிரிமார்களின் நினைவே முதலில் ஒலிக்கும். ஸ்பெயின் நாட்டார் காதிலும் அப்படித்தான் ஒலித்தது. தெரிந்தேதான் அந்தச் சொல்லை எடுத்தாண்டார்கள். பல நூற்றாண்டுகளாக மலையூர்களுக்கு வெளியிலிருந்து மிகுதியும் வந்துகொண்டிருந்தவர்கள் வரி வாங்குவோர், படைக்கு ஆள் பிடிப்போர், பாவத்தை எடுத்துரைப்போர் ஆகியவர்களே. இப்போது முதன்முதலாக, ஒன்றையும் வாங்காமல் கொடுத்துவிட்டுப் போவதற்கென்று சிலர் வரப்போகிறார்கள் என்பதே அந்தப் பெயருக்குள் அடங்கிய குறிப்பு.

சபையின் தலைவர் மனுவேல் பார்த்தொலோமே கொசியோ. அப்போது அவருக்கு வயது எழுபத்துநான்கு. எல் கிரேக்கோ என்ற சித்திரக்காரரை உலகம் ஏறக்குறைய மறந்திருந்த காலத்தில், 1908-ஆம் ஆண்டில் அவரைப்பற்றிப் பெரியதொரு நூல் எழுதி, அவருக்குரிய ஸ்தானத்தை மீட்டுக் கொடுத்தவர்களுள் ஒருவர். ஹினெர் தெ லோஸ் ரியோஸ் என்ற பேராசான் 1876-ஆம் ஆண்டில் நிறுவிய சுதந்திரக் கல்விச்சாலையின் முதல் மாணாக்கர் கூட்டத்தில் வளர்ந்தவர். உபாத்தியாயர்களில் மிகச் சிறந்தவர்களைப் பட்டணத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பாமல் மிகவும் பின்தங்கிய பட்டிகளுக்கு அனுப்பவேண்டும் என்ற எண்ணம், அவருடைய இளமை முதல் ஐம்பது ஆண்டுக்காலம் அவர் நெஞ்சிலே முளைக்காத விதையாகக் கிடந்தது. அது முளைத்த காலத்தில் அவர் நோயாளியாகிவிட்டார். மலைகளில் சுற்றி வரும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. இளைஞர்கள் போய்வந்து சொல்லக் கேட்டு இன்புறும் பாக்கியம் மாத்திரமே கிட்டியது.

(இடையில் ஒரு வார்த்தை. அதே 1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில்தான், நம் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்ற பெருமகன் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பிவைத்தார். இவருக்குக் கொசியோவைத் தெரியாது. அவருக்கு இவரைத் தெரியாது. நல்ல எண்ணங்கள் சில சமயம் ஒரே பருவத்தில் பல தோட்டங்களில் பூக்கின்றன போலும்.)

முதல் மிஷன் 1931-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக் கடுங்குளிரில், செகோவியா மாகாணத்து மலையடிவாரத்திலுள்ள அய்யோன் என்ற ஊருக்குப் போயிற்று. சினிமா இயந்திரம், கிராமபோன் பெட்டி, இசைத்தட்டுக்கள், புத்தகங்கள் ஆகிய இவையே சாமான்கள். பாதை உள்ளமட்டும் மோட்டார் வண்டி. பாதை முடிந்த இடத்தில் கோவேறு கழுதை. கழுதையும் தயங்கும் இடத்தில் மனிதரின் தோள். ஊரார் கூடியதும் கொசியோ எழுதியனுப்பிய சிறியதொரு முகவுரையை வாசிப்பது வழக்கம். தண்டனையும் கண்ணீரும் இல்லாத, ஊர் ஊராகச் சுற்றுகின்ற ஒரு பள்ளிக்கூடமே தாங்கள் என்றும், உங்களை மகிழ்விப்பதற்கே முதலில் வந்திருக்கிறோம் என்றும் அதன் சாராம்சம். மகிழ்விப்பது முதலில், அறிவூட்டுவது அதன் பிறகு என்ற இந்த வரிசை முறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஏழைக்கு உபகாரம் செய்யப் புறப்படுகிறவர்கள், அவனுக்கு எது பிரயோஜனமோ அதைத் தாங்களே நிர்ணயித்துக்கொண்டு, சோப்பு உபயோகிப்பதிலிருந்து சிக்கனம் வரையில் உபதேசித்துக்கொண்டே போவார்களேயன்றி, அவனும் ஒருநாள் மாலை காரணமின்றிச் சிரித்திருக்க ஆசைப்படுவான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கொசியோ எண்ணிப் பார்த்தார்.

சபையார் செய்த காரியங்களுள் மிகப் பெரியது நூல்நிலையங்களே. ஒவ்வொன்றிலும் நூறு புத்தகங்கள் அளவில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நூல்நிலையங்களைக் கிராமப் பள்ளிக்கூடங்களில் அமைத்தார்கள். புத்தகங்களோடு அவற்றுக்கு அட்டை போடுவதற்கான காகிதமும் சேர்த்து அனுப்பினார்கள். இத்தகைய சிறு விவரங்களில்தான் ஒரு ஸ்தாபனத்தின் மனம் தெரிகிறது. நாடகக் குழு ஒன்றும் பாடகர் குழு ஒன்றும் இருந்தன. கவி லோர்கா நடத்திய நாடகக் குழு வேறு, இது வேறு. மாட்ரிட் மாணவர்கள் தங்கள் விடுமுறை நாட்களை இதற்கே கொடுத்தார்கள். பொம்மலாட்டமும் உண்டு. இவற்றையெல்லாம் பற்றி எழுதப் புகுந்தால் இடம் போதாது. நான் சொல்லவந்தது சித்திரக்காரர்களைப்பற்றி.

பிரதி செய்தவர்கள் மூவர்: ரமோன் கயா, ஹுவான் பொனஃபே, எதுவார்தோ விசென்தே. கயாவுக்கு அப்போது வயது இருபத்தொன்று. பெயரைக் கேட்டு கோயாவோடு குழப்பிக்கொள்ள வேண்டா. மூர்சியாக்காரர், சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுத் தூரிகையைக் கையில் பிடித்தவர், பாரிஸ் சென்று அங்கே அக்காலத்தில் தலைவிரித்தாடிய நவீனச் சித்திரப் பாணிகளை நேரில் பார்த்து, மனம் ஒப்பாமல் திரும்பி வந்தவர். அந்த வயதில் ஒரு சித்திரக்காரனுக்கு இருக்கக்கூடிய ஆசைகள் யாவை என்பதை நாம் அறிவோம். தன் பெயர், தன் பாணி, தன் கண்காட்சி. இவற்றுக்காகத் துடிக்கும் வயது அது. அந்த வயதில் அவர் செய்தது என்னவென்றால், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒருவருடைய சித்திரத்தின் எதிரே உட்கார்ந்து, அதில் உள்ளது உள்ளபடியே, தன்னுடையது ஒரு கோடுகூடக் கலவாமல், தன் பெயரை அறியாத குடியானவர்களின் பொருட்டு மறுபடி எழுதினார். மலையூர்களுக்குச் செல்லும் கலைத்தொண்டைப்பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஓர் அம்சத்தை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தன் கலையைக் கொண்டுபோய் அங்கே விரிப்பது எளிது. அதில் புகழும் உண்டு. தான் அறிந்தவற்றுள் எது மிக உயர்ந்ததோ அதை, அது தன்னுடையதாக இல்லாவிட்டாலும், சுமந்துகொண்டு போவதற்கு வேறு விதமான நெஞ்சு வேண்டும்.

லாரி பெரியது, சித்திரங்களும் பெரியவை. ஆகையால் அந்த நடமாடும் சித்திரசாலை, மலையுச்சிக் குக்கிராமங்கள் வரையில் ஏற முடியாமல், அடிவாரத்து ஊர்களிலேயே தங்க நேர்ந்தது. கழுதைப் பாதையில் போகக்கூடியது சினிமாப் பெட்டிதான். சித்திரங்களின் நிழற்படங்களே அவ்வூர்களை எட்டின. ஓர் ஊரில் ஒரு வாரம் போலத் தங்குவார்கள். பள்ளிக்கூடமோ நகரசபை மண்டபமோ எது கிடைக்கிறதோ அதில் மாட்டுவார்கள். வருகிறவர்களோடு நின்று பேசுவார்கள். இரவில் திரையில் ஒளிப்படங்கள் காட்டி விளக்குவார்கள். திரும்பும்போது சித்திரங்களின் அச்சுப் பிரதிகளைக் கொடுத்துவிட்டுச் செல்வார்கள். கூடச் சென்றவர்களுள் பிற்காலத்தில் ஸ்பானிய மொழியின் பெருங்கவிகளுள் ஒருவராகப் போற்றப்பெற்ற லூயிஸ் செர்னூதாவும், எழுத்தாளர் ரஃபாயேல் தியஸ்தேயும் இருந்தார்கள்.

அவர்கள் சுமந்து சென்ற சித்திரங்களுள் வெலாஸ்கெஸ் எழுதிய ‘நூல் நூற்கும் பெண்கள்’ ஒன்று. அதன் முன்பக்கத்தில் ராட்டையும் கதிரும் கையுமாகச் சில உழைப்பாளிப் பெண்கள். பின்னணியில், வெளிச்சம் பாயும் மேடையொன்றில், புராணக்கதை ஒன்றின் பாத்திரங்கள். பண்டிதர்கள் இந்தப் பின்னணியைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆட்டு ரோமத்தைத் தன் கையாலேயே நூற்று உடுத்திய மலைநாட்டுக் கிழவி ஒருத்தி அந்தப் படத்தின் முன்னே நின்றிருந்தால், ராட்டையின் ஆரங்கள் கண்ணுக்குத் தெரியாதபடி சுழல்கின்ற வேகத்தை ஒரு மனிதன் வர்ணத்தில் பிடித்துவிட்டானே என்பதையன்றோ முதலில் பார்த்திருப்பாள்! இது என் கற்பனைதான்; எந்தக் கிழவி என்ன சொன்னாள் என்று நான் சாட்சியம் கூற வரவில்லை. ஆயினும், உயர்ந்த கலை பாமரருக்குப் புரியாது என்று கூறுவோரைக் கண்டால், அந்தச் சித்திரத்தின் எந்தப் பாதி யாருக்கு நன்றாகப் புரியும் என்று கேட்க ஆவலாயிருக்கிறது. பிரான்ஸ் நாட்டுச் சிப்பாய்கள் ஊர் ஜனங்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுத் தள்ளுவதை எழுதிய கோயாவின் சித்திரத்துக்கும் இது பொருந்தும். வெள்ளைச் சட்டையணிந்து இரு கைகளையும் விரித்து நிற்கும் அந்த மனிதன் யாரென்று விளக்கம் சொல்ல அவ்வூர்களில் அவசியம் இருந்திராது.

இனி, பசியின் கேள்விக்கு வருவோம். உண்ண ரொட்டியில்லாதவனுக்கு வெலாஸ்கெஸ் எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். வலதுசாரிகள் வீண்செலவு என்றார்கள்; அவர்கள் கை ஓங்கிய பிற்பாடு, 1935-ஆம் ஆண்டில், மிஷன்களுக்கான பணத்தையும் வெட்டினார்கள். மறுபக்கத்தில், நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்காமல் பாட்டுப் பாடிக்காட்டுவது என்ன நியாயம் என்றவர்களும் உண்டு. இந்தக் கேள்வியை வாதத்தால் வெல்லமுடியாது. வாதத்தால் வெல்ல முயலாமல் அதற்குத் தலைவணங்கிய ஒரு சந்தர்ப்பம் மிஷன்களின் சரித்திரத்தில் உண்டு. அதுவே இந்தக் கட்டுரையை எழுதும்படி என்னைத் தூண்டியது.

ஸமோரா மாகாணத்தின் வடமேற்கு மூலையில், போர்த்துக்கல் எல்லைக்கு அருகே, சனாப்ரியா என்னும் ஏரி இருக்கிறது. பனியுகங்களின் பனியாறு குடைந்து உண்டாக்கிய ஏரி. பார்ப்பதற்குப் பரம ரமணீயமானது. அதற்கு மேலே, மலைச்சரிவில், பழைய மடாலயம் ஒன்றின் நிழலில் சான் மார்த்தின் தெ கஸ்தன்யேதா என்ற கிராமம். 1934-ஆம் ஆண்டுக் கோடையில், அலெஹாந்த்ரோ கசோனா என்ற நாடகாசிரியரின் தலைமையில், சுமார் ஐம்பது மாணவர்கள் கொண்ட நாடகக் குழுவும் பாடகர் குழுவும் அவ்வூருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவர்கள் கண்டது, வெளிச்சமும் புகைபோக்கியும் இல்லாமல் புகையேறிக் கறுத்த கூரை வீடுகளை. கந்தல் உடுத்த குழந்தைகளை. கழுத்தில் கழலை கண்ட பெண்களை. பிச்சை கேட்டு நீண்ட கைகளை. அவர்கள் மூட்டையிலோ பழைய நாடகங்களும் நாடோடிப் பாடல்களும் கதைப் பாட்டுக்களும் இருந்தன. ரொட்டியும் மருந்தும் வேண்டிய இடத்துக்குப் பாட்டைச் சுமந்து வந்தோமே என்று அவர்களுக்கு உண்டான வெட்கத்தைச் சபையின் அறிக்கை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. சர்க்கார் பணத்தில் நடந்த ஒரு காரியத்தின் அறிக்கையில் இத்தகைய வாக்குமூலத்தை நாம் எங்கேனும் கண்டதுண்டா?

வெட்கப்பட்டவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வது உலக வழக்கம். ஒரு சாரார், கலையாவது மண்ணாவது என்று தூரிகையை எறிந்துவிட்டு மேடைப் பேச்சாளராகிவிடுவார்கள். மற்றொரு சாரார், மனத்தைக் கலக்குகின்ற அந்த ஊரின் பெயரையே மறந்துவிட்டு, அடுத்த முறை சற்று வசதியான ஊராகப் பார்த்துப் போவார்கள். மிஷன்காரர்கள் இவ்விரண்டையும் செய்யவில்லை. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அதே கிராமத்துக்குத் திரும்பிப் போனார்கள். இம்முறை பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார்கள், பள்ளிக்கூடத்தைச் செப்பனிட்டார்கள், நோய்க்கு மருந்தும் சுகாதார விதிகளும், பயிருக்கு எருவும் விதையும் என்று அவ்வூருக்கு எவையெவை இன்றியமையாதனவோ அவற்றில் கையை வைத்தார்கள். இவற்றோடு பாட்டையும் சினிமாவையும் கொண்டுபோனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ரொட்டி வந்துவிட்டது, ஆகையால் பாட்டு வேண்டாம் என்று அவர்கள் தீர்மானிக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறே போதும் என்று சொல்லுகிறவன், தன் குழந்தைக்குச் சோறோடு தாலாட்டும் வேண்டும் என்பதை அறிந்தவன்தானே!

முதல் முறை போகிறவன் தன்னிடம் உள்ளதைக் கொண்டு போகிறான். அதில் குற்றமில்லை, அவனுக்கு வேறொன்றும் தெரியாது. இரண்டாம் முறை போகிறவனுக்குத்தான் அங்கே இல்லாதது எது என்று தெரியும். ஆகவே முதற்பிரயாணத்தை ஆசை என்றும் இரண்டாம் பிரயாணத்தையே தொண்டு என்றும் நான் பெயரிட்டுக்கொள்கிறேன். இன்றோ, விடுமுறைக்குப் பதினைந்து நாள் மலையூரில் தங்கி, பள்ளிக்கூடத்துச் சுவரில் பட்டாம்பூச்சியும் சிங்கமும் வரைந்து, குழந்தைகளைச் சுற்றி நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, இறங்கி வருவதற்கு முன்பே அதை ஊரெல்லாம் பரப்பிவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. சுவருக்கு வர்ணம் வந்தால் பிள்ளைகளுக்கு ஆனந்தமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மழைக்காலம் கழித்து அந்தச் சிங்கத்தின் பிடரி உரிந்து விழும்போது, அதைத் திருப்பி எழுத யார் வருவார்கள்? ஊரில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ அந்த வர்ணத்தைக் கலக்கும் முறையையாவது சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்களா? தொண்டர்களை அனுப்பும் சபைகளும், அவற்றுக்குப் பணம் கொடுக்கும் தனவந்தர்களும், எத்தனை ஊர்களுக்குப் போனார்கள் என்று கணக்குக் கேட்பதை விட்டு, எத்தனை ஊர்களுக்கு மறுபடி போனார்கள் என்று கேட்கத் தொடங்கினால், பல அறிக்கைகள் மிகவும் சுருங்கிவிடும். சுருங்கினால் நஷ்டமில்லை.

மிஷன்களையும் இந்தத் தராசிலிருந்து நான் விலக்கிவிடவில்லை. சித்திரசாலை ஒருமுறை வந்து போன ஊர்கள் பலவற்றுக்கு அது மறுபடி வரவேயில்லை. புத்தகங்கள் தங்கின, படங்கள் போய்விட்டன. மற்றொரு குறையும் உண்டு. மலைவாசிகளை நல்ல ரசிகர்களாக நடத்தினார்களேயன்றி, அவர்களும் கலைஞர்களே என்ற நினைவு பல சமயம் மிஷன்காரர்களுக்கு வரவில்லை. கல்லில் செதுக்கும் கை, கம்பளியில் பூவேலை செய்யும் கை, மாட்டு மணிக்குத் தாளம் பார்த்துத் தட்டும் கை ஆகியவையெல்லாம் ஊருக்கு ஊர் இருந்தன. அவற்றைப் பெட்டியில் வைத்து மாட்ரிடுக்குக் கொண்டுபோய், இதோ எங்களுக்கு அவர்கள் அனுப்பிய சித்திரசாலை என்று காட்டலாம் என யாருக்கும் தோன்றவில்லை. இதற்கு விலக்காக நின்றவர் பாடகர் குழுவின் தலைவரான மார்த்தினெஸ் தோர்னெர். நாடோடிப் பாடல்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்த பண்டிதர் அவர். குழுவினர் பாடியவை அப்படிக் கிராமங்களிலிருந்து கிடைத்த பாடல்களே. ஓர் ஊரின் பாட்டு அடுத்த மலைக்குப் போயிற்று. ஏன், பிறந்த ஊருக்கே திரும்பியும் வந்தது.

இதே காலத்தில் வேறொரு கலைஞரும் ஸ்பெயினின் வேறொரு மலைநாட்டுக்குப் போனார். அவருடைய கதையைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் ஒருதலைப்பட்சமாகும். லாஸ் ஊர்தெஸ் என்பது எக்ஸ்த்ரெமதூராவின் வடபாகத்தில் உள்ள மலைப்பகுதி. வறுமைக்கு அந்நாட்டில் அதுவே பழமொழி. 1922-ஆம் ஆண்டில் அரசர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோவே குதிரையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பத்தாண்டுகளுக்குப் பிறகும் அங்கே வறுமை நீங்கவில்லை. 1933-ஆம் ஆண்டில் லூயிஸ் புனுவெல் என்ற சினிமா மேதை அங்கே சென்று ஒரு படம் எடுத்தார். பணம் கொடுத்தவர் ரமோன் அஸீன். உபாத்தியாயர், சிற்பி, புரட்சிக்காரர். லாட்டரிச் சீட்டில் பரிசு விழுந்தால் உன் படத்துக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லியிருந்து, விழுந்ததும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அபூர்வ மனிதர். படம் உலகை உலுக்கியது. குடியரசு சர்க்கார் அதைத் தடை செய்தது. படத்தில் தெரியும் கோபம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பாறையிலிருந்து ஆடு தவறி விழுகிறது என்று காட்டிய காட்சியில், ஆடு தானாக விழவில்லை, துப்பாக்கியால் சுட்டு விழுத்தினார்கள் என்பதை, ஓரத்தில் தெரியும் புகையே காட்டிக்கொடுக்கிறது. ஊர்தெஸ்வாசிகள் பல தலைமுறையாக அந்தப் படத்தை மன்னிக்கவில்லை. அவர்களுடைய துன்பத்தை உலகுக்கு எடுத்துரைத்தவருக்கு அவர்கள் நன்றி பாராட்டவில்லையே என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. தன் முகம் தன்னைக் கேட்காமல் பிறருக்குச் சாட்சியமாக்கப்படுவதை எந்த மனிதன்தான் விரும்புவான்?

மிஷன்களோடும் புகைப்படக் கருவி போனது. ஹோசே வால் தெல் ஒமார் என்ற கிரானடாக்காரர் எடுத்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு விசேஷம். இருட்டறையில் முதல்முதலாகச் சினிமா பார்க்கும் ஜனங்களின் முகங்களே அவற்றில் பலவற்றை நிறைத்திருக்கின்றன. தலையில் கறுப்புத் துணி கட்டிய மூதாட்டிகள், வாய் திறந்து கழுத்தை நீட்டிய சிறுவர்கள், கையில் தொப்பியை மறந்த குடியானவர்கள். அவர்கள் பார்க்கும் திரை படத்தில் இல்லை. சாப்ளினைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ, கடலைக் கண்டு திகைக்கிறார்களோ, நமக்குத் தெரியாது. அவர்களுடைய வறுமையையும் ஒமார் மறைக்கவில்லை. சட்டையின் கிழிசல் நன்றாகவே தெரிகிறது. ஆனால் நாம் அவர்களைப் பார்க்கிறோம் என்பதை அவர்கள் பொருட்படுத்தாமல், நம்மைவிட முக்கியமான எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழைகளைப் படம் எடுப்பதில் இதைவிடப் பெரிய மரியாதை இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

கொசியோ 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் காலமானார். மறு ஆண்டு ஜூலையில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. உபாத்தியாயர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். லாட்டரிப் பணம் கொடுத்த அஸீனும் அந்த ஆகஸ்டு மாதமே கொல்லப்பட்டார். நூல்நிலையங்கள் பல தீயில் வெந்தன. கசோனாவும் தியஸ்தேயும் செர்னூதாவும் ஆளுக்கொரு திக்காய்த் தேசம் விட்டுச் சென்றார்கள். சனாப்ரியாவுக்கு மூன்றாம் பிரயாணம் வாய்க்கவில்லை.

1936-ஆம் ஆண்டு நவம்பரில் பிராதோவின் மேல் குண்டு விழுந்தது. அதே மாதம் முதல், எந்தச் சித்திரங்களின் பிரதிகளை நான்கு ஆண்டுகளுக்கு முன் லாரியில் ஏற்றி மலையடிவாரங்களுக்குக் கொண்டுபோனார்களோ, அவற்றின் மூலங்களையே லாரிகளில் ஏற்றி, முதலில் வலென்ஸியாவுக்கும் பிறகு கத்தலோனியாவுக்கும் கொண்டுபோகும்படி ஆயிற்று. வழியில், பெனிகார்லோ என்ற ஊரில் ஒரு மாடி முகப்பு இடித்து, கோயாவின் சித்திரங்கள் கிழிந்தன. 1939-ஆம் ஆண்டு பிப்ரவரியில், விமானங்கள் மேலே சுற்ற, அந்த லாரிகள் பிரனே மலைத்தொடரைக் கடந்து பிரான்ஸுக்குள் புகுந்தன; சித்திரங்கள் ஜினீவா போய்ச் சேர்ந்தன. அதே மாதத்தில், ஃபிகேரஸ் நகரில் விழுந்த குண்டுக்குத் தன் மனைவியைப் பறிகொடுத்த ரமோன் கயாவும் அதே மலையைக் கடந்து, தோற்றவர்களோடு பிரான்ஸ் தேசத்துக் கடற்கரை முகாம் ஒன்றில் அடைபட்டு, பிறகு மெக்ஸிகோவுக்குக் கப்பல் ஏறினார். சித்திரங்கள் அந்த ஆண்டே பிராதோவுக்குத் திரும்பிவிட்டன. அவற்றைப் பார்த்து எழுதியவர் ஸ்பெயின் மண்ணை மறுபடி மிதித்தது 1960-ஆம் ஆண்டில்.